ஐந்தாம் நாள் இறக்கம்

“நாளைக்கு யாரு முதல்ல பாய்வான், எலி?” என்று அண்ணன் விளையாட்டாகத்தான் கேட்டான். எலி என்பது நான். வாயைத் திறக்காமல் மூலையில் உட்கார்ந்து எதையாவது கிறுக்கிக்கொண்டே இருப்பதால் வீட்டில் வைத்த பெயர். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லக் குரல் வராமல் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, கத்தரிக்கோல் எங்கே என்பதைத் தவிர.

அண்ணன் சைக்கிள் பந்தயக்காரன். ஆறு நாள் மலைப் பந்தயத்தில் அவன் அணிக்குச் சித்தப்பா வேன் ஓட்டினார். வேனின் பின்பக்கம் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களை நிரப்புவது என் வேலை. வேன் முன்னால் போகும்போது பின்கண்ணாடி வழியாக வருகிறவர்களின் முகம் தெரியும். கொக்கு என்று எல்லாரும் கூப்பிடும் நெட்டை ஆள், ஏற்றத்தில் கூட்டத்தை விட்டு முன்னே பாய்வதற்கு முன்னால் தலைக்கவசத்தின் வாரைத் தொட்டுப் பார்ப்பார். தச்சுவேலை பார்க்கும் இன்னொருவர் வாயைத் துடைக்க ஆரம்பித்தால் இரண்டு கிலோமீட்டருக்குள் பின்தங்கிவிடுவார். இதையெல்லாம் போன வருடமே நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

கொக்கு இரண்டாவது மலையில் பாய்வார் என்று சொன்னேன். பாய்ந்தார். அதிலிருந்து தினமும் சாயங்காலம் அண்ணன் என்னிடம் வந்து உட்கார்ந்தான். நான் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். நான்கு நாளும் பலித்தது.

“இவளுக்குக் கருநாக்கு கையில இருக்குடா,” என்றார் சித்தப்பா. “உங்க சித்தி எப்போ சிரிப்பான்னு ஒரு வரி எழுதிக் குடும்மா, புண்ணியமாப் போகும்.”

நான்காம் நாள் முடிவில் கொக்கு முதலிடம், அண்ணன் நாற்பது விநாடிதான் பின்னால். ஜெயித்தால் பெரிய அணி ஒன்று அவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது.

“அங்க இதுக்குன்னே நாலு பேரு கம்ப்யூட்டரோட உட்கார்ந்திருப்பாங்களாம். இனிமே உனக்குத் தொல்லை இல்ல, எலி,” என்று என் தலையில் தட்டினான்.

நல்ல மனதோடுதான் சொன்னான். அதை நான் மறுக்கவில்லை.

பந்தயம் தொடங்குவதற்கு முன்பே ஐந்தாம் நாள் பாதையை நானும் சித்தப்பாவும் வேனில் போய்ப் பார்த்திருந்தோம். பெரிய மலையின் இறக்கத்தில், மூன்றாவது வளைவில், பாறை கசிந்து சாலையெல்லாம் பாசி. நிழல் விழுவதால் மேலிருந்து வருகிறவருக்குத் தெரியாது. சித்தப்பா போனில் பேசிக்கொண்டே ஓட்டியதால் கவனிக்கவில்லை. அன்றே என் நோட்டில் எழுதினேன்: “மூன்றாவது வளைவில் வேகமாக வருகிறவர் விழுவார்.”

நான்காம் நாள் சாயங்காலம் அண்ணனுக்குக் கொடுத்த தாளில் இப்படி எழுதினேன்: “உச்சிவரை கொக்கை விடாதே. அங்கே குளிருக்குச் சட்டை மாட்ட வேகத்தைக் குறைப்பார். அப்போது பாய். அவருக்கு இறக்கம் பயம். நீ பிரேக்கைத் தொடாதே.”

அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கொக்கு சட்டை மாட்டினார். அண்ணன் பாய்ந்தான். மூன்றாவது வளைவில் விழுந்தான். கொக்கு பயந்து பயந்து இறங்கியதால் விழாமல் அந்த வளைவைத் தாண்டிப் போனார்.

அந்தப் பக்கம் பள்ளம் இல்லை, பாறைச்சுவர்தான். உயிருக்கு ஒன்றும் ஆகாது என்பதை யோசித்துத்தான் செய்தேன். அண்ணனுக்கு முழங்கால் இரண்டு இடத்தில் உடைந்தது. கடைக்குப் போய் வரும் அளவுக்கு சைக்கிள் மிதிக்கலாம் என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு வந்த நான்கு மாதங்கள் எனக்கு நல்ல மாதங்கள். காலைக்கடனுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவேன். தலையணையை உயர்த்தி வைப்பேன். அவன் என்னிடம் நிறையப் பேசினான்.

ஒரு மத்தியானம் எங்கேயோ நடக்கும் பந்தயத்தை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். என் முகத்தைப் பார்த்து அவனே சொன்னான்: “விடு எலி. நீ என்ன கடவுளா? அன்னிக்கு ஒரு நாள் உன் கணிப்பு தப்பிப்போச்சு. அதுக்குப்போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு.”

ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் தப்பவில்லையே. நான்கு மாதமாக அவன் அப்படியா நினைத்துக்கொண்டிருந்தான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். தேதியையும் விரலால் காட்டினேன்.

இரண்டு தடவை படித்தான். டிவியை அணைத்தான். ஊன்றுகோலை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வாசலில் நின்று என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதில் தயாராக இருந்தது. அன்றைக்குக் குரல்கூட வந்திருக்கும். அவன் வாசலில் நிற்காமலே படியிறங்கிப் போய்விட்டான்.