வாயைப் பொத்திய கை

தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய இருளப்பசாமி ஐயா அவர்களே, பாளையம்பட்டியிலிருந்தும் எம்.ரெட்டியபட்டியிலிருந்தும் பஸ் பிடித்து, ஆட்டோ பிடித்து, எதுவும் கிடைக்காமல் நடந்தே வந்து சேர்ந்த பெரியோர்களே, காய்ந்த காட்டிலும் கனிவு காயாத தாய்மார்களே, எல்லோருக்கும் நடுவில் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அருட்தந்தை சூசைமாணிக்கம் அவர்களே, அனைவருக்கும் இந்தப் பால்பாண்டியின் பணிவான வணக்கம்.

வணக்கம் சொல்ல இரண்டு கை வேண்டும். என் ஒரு கை இடுப்புத் துண்டைப் பிடித்திருக்கிறது. விட்டால் வேட்டியின் பின்பக்கத்தில் உள்ளங்கை அகல ஓட்டையை நீங்கள் அனைவரும் காண்பீர்கள். முன் வரிசையில் என் மகள் நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டாள். குனிஞ்சுக்கோ தாயி. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அப்பன் மேடை ஏறினால் மகள் இதையெல்லாம் தாங்கத்தான் வேண்டும். ஒன்பதாம் வகுப்பை நான் மூன்று முறை படித்தவன். அப்படியானால் மற்றவர்களைவிட நான்தானே அதிகம் படித்தவன் என்று வீட்டில் கேட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரி தங்கலட்சுமி குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அன்பார்ந்தவர்களே, இந்தக் கூட்டத்தை நான் எதற்குக் கூட்டினேன்? நம் பாதரை ஆயர் அவர்கள் மாற்றிவிட்டார், முதிய குருக்கள் இல்லத்துக்கு அனுப்பப் போகிறார், விடக்கூடாது, ரோட்டை மறிப்போம் என்று முழங்கத்தான் கூட்டினேன். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவன் அல்லவா. முழக்கத்தை மனப்பாடமும் செய்துவிட்டேன். இன்று காலை அது அத்தனையும் என் தொண்டையிலேயே செத்துப்போனது. ஏன் என்று சொல்கிறேன்.

வானம் பார்த்த பூமி இது. மேகம் வரும், எட்டிப் பார்க்கும், போய்விடும். அதிகாரிகள் வருவார்கள், வெயிலைப் பார்ப்பார்கள், மாறுதல் வாங்கிப் போய்விடுவார்கள். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் பிறந்து, உப்புக்காற்றில் வளர்ந்த இந்த மனிதர் மட்டும் ஏன் நின்றார்? தகரக் கொட்டகையைப் பள்ளிக்கூடமாக்க நின்றார். தட்டுத் தடுமாறிய பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர நின்றார். காலையில் பூசை, பகலில் பாடம், பொழுது சாய்ந்தால் வீடு வீடாகப் பயணம். போனில் பேசி முடிக்கிற சங்கதிக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுவார். நம் கோயிலுக்கு வராத மனிதர் நம் வீட்டுக்கு வருகிறாரே, இவரல்லவோ பெரிய மனிதர் என்று நாம் உருகினோம்.

நாகஜோதியை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். எங்கள் ஆட்கள் பெரியவர்கள் முன்னால் எப்படிப் பேசுவோம்? துண்டு கக்கத்தில், முதுகு வில்லாய் வளைந்து, வலது கை வாயைப் பொத்தி. என் அப்பன் அப்படி நின்றார், அவருடைய அப்பன் அப்படி நின்றார், நானும் நின்றேன்.

“கையை எடும்வே,” என்றார் பாதர்.

வெற்றிலை வாடை அடிக்கிறது போல என்று நான் இன்னும் இறுக்கிப் பொத்தினேன். நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். மணிக்கட்டைப் பிடித்துக் கையை இறக்கினார். “நிமிந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசும். இல்லன்னா பேசவே வேண்டாம்.”

அன்று இறங்கியது என் கை மட்டுமா? அதோ உட்கார்ந்திருக்கிறாரே குருவம்மாள், ஓர் ஆபீஸில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முணுமுணுத்தபோது, “வாயத் தொறந்து சொல்லுங்க சார், நான் தொறந்துதான பேசுறேன்” என்று கேட்டவர். இருளப்பசாமி ஐயா வீட்டுக் களத்தில் நான் முதன்முதலாகக் கையை இறக்கிப் பேசினேன். ஐயா உற்றுப் பார்த்தார்கள். “ஏலே பால்பாண்டி, ஒனக்கு மீசை இருக்கா? இம்புட்டு நாளும் தெரியாமப் போச்சே,” என்றார்கள். இப்போது ஐயா சிரிக்கிறார்கள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அது ஐயாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த தடவை நாற்காலி போட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி வேட்டிக்கு வருகிறேன். இன்று காலை பாதர் பள்ளிக்கூட வாசலுக்கு முதுகைக் காட்டி, வேப்பங்கன்றுக்கு முள்வேலி கட்டிக்கொண்டிருந்தார். மறியலுக்கு முன்னோட்டமாக அவரைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஒரு நீளச் சரவெடியை அவருக்குப் பின்னால் விரித்துப் பற்ற வைத்தேன். ஆடுகள் கயிற்றை அறுத்தன. ஒரு வெடி பாதை தவறி என் வேட்டிக்குள் வந்தது. நான் அலறிய அலறல் குமாரலிங்கபுரம் வரைக்கும் போயிருக்கும்.

பாதர் திரும்பவில்லை.

வெடிக்கிறது, முள்ளை வளைக்கிறார். வெடிக்கிறது, கயிற்றை முடிகிறார். கடைசி வெடியும் அடங்கி, புகை காற்றோடு அவர் முகத்துக்குப் போன பிறகு மூக்கைச் சுளித்துத் திரும்பினார். “என்னத்தவே கருக விட்டீரு?” என்றார்.

துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு கிட்டப் போனேன். “பாதர், காது கேக்காதா ஒங்களுக்கு?” என்றேன். என் உதட்டையே பார்த்தார்.

“ஒரு காது வரும்போதே கெடையாது. மத்தது இங்க வந்து போச்சு. செவிட்டு வாத்தியாருன்னா பிள்ளைகள அனுப்புவீரா?”

பின்வரிசையில் யாரோ “அனுப்ப மாட்டோம்” என்கிறீர்கள். உண்மை பேசியதற்கு நன்றி தம்பி. நானும் அனுப்பியிருக்க மாட்டேன்.

எப்படி இத்தனை காலம் தெரியாமல் போனது? பிள்ளைகளை ஏன் முன்னால் வந்து நின்று பேசச் சொன்னார்? போனை ஏன் தொடவில்லை? வீடு தேடி ஏன் வந்தார்? நாம் பண்பு என்றோம், பாசம் என்றோம், பெருந்தன்மை என்றோம். காது என்று ஒருவராவது நினைத்தோமா?

“அப்போ என் கையை எடுக்கச் சொன்னது?” என்றேன். கேட்கவே பயமாக இருந்தது.

“ஒதடு தெரியணும்லாவே. எனக்காகத்தான் எடுக்கச் சொன்னேன். நீரு ஏன் ஊரு பூராவும் எடுத்தீரு?”

வெடி வேட்டிக்குள் போனபோது துள்ளினேன். இந்தச் சொல் உள்ளே போனபோது துள்ளக்கூட முடியவில்லை.

அதற்கு மேலும் ஒன்று சொன்னார். “போன மாசம் மாரிக்கனி மகளத் தேளு கொட்டுச்சு. வகுப்பே கத்திருக்கு. நான் போர்டுல கணக்கு எழுதிட்டே இருந்திருக்கேன். ஒரு பிள்ள வந்து அங்கிய இழுத்த பெறகுதான் திரும்புனேன். ஆயர் என்னைத் தூக்கலவே. நானாத்தான் கேட்டேன்.”

தேள் கொட்டிய பிள்ளை நலமாக இருக்கிறாள், அதோ மூன்றாவது வரிசையில் முறுக்கு தின்கிறாள். மாரிக்கனி, நீ அழாதே.

“மறியல் என்னாச்சு” என்று கேட்கிறீர்கள். மறியல் இல்லை. பிள்ளையின் அலறல் தனக்கு எட்டவில்லையே என்று தானாக விலகுகிற மனிதரை, நம் பாசத்தைக் காட்டி மறிப்பது பாசமா? உங்களைவிட உரக்கக் கத்த வந்தவன் நான். நானே சொல்கிறேன், வழி விடுவோம்.

பாதர், கொஞ்சம் என் பக்கம் பாருங்கள். உங்களுக்குக் கேட்கவில்லை, அதனால் நாங்கள் பேசக் கற்றோம். உங்களுக்காக இறக்கிய கையை எங்களுக்காக இறக்கியே வைத்துக்கொண்டோம். நீங்கள் கேட்டது ஓர் உதடு. உங்களை அறியாமலே கொடுத்தது ஒரு முகம். என் அப்பனுக்கு இல்லாத முகம் அது, என் மகளுக்குப் பிறவியிலேயே இருப்பது போல் ஆகிவிட்ட முகம். இனி எந்த மேசை முன்னாலும், எந்தக் களத்து முன்னாலும், எந்தக் கொம்பன் முன்னாலும் இந்தக் கை மேலே ஏறாது. மன நிறைவோடு போய் வாருங்கள். பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், மீசையைக் கண்டுபிடித்த தலைவர் ஐயாவுக்கும், மைக் செட்டுக்காரருக்கும் என் நன்றியைச் சொல்லி, உங்கள் அனைவரின் முகத்தையும் நேராகப் பார்த்து வணங்கி அமர்கிறேன். வணக்கம்.

மைக்கில் பேசியது இவ்வளவுதான். கைதட்டல் ஓயும் முன் மைக்கை விட்டு விலகி, பாதருக்கு நேரே போய் நின்றேன். அவர் கண் என் வாய்க்கு வந்தது. சத்தம் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன்:

போகாதீக பாதர்.