கழற்றி எடுத்துப் போனவள்

உங்கள் நாயின் வலது காதில் இன்னும் கொஞ்சம் சீழ் இருக்கும், ஷெரீப். போன வாரம் நீங்கள் அதைக் கொண்டுவந்தபோதே சொன்னேன், மருந்தைச் சொட்டவிட்டால் மட்டும் போதாது, காதின் அடியைப் பிடித்து நன்றாகப் பிசைந்துவிட வேண்டும் என்று. நீங்கள் செய்திருக்க மாட்டீர்கள். ஆண்கள் யாரும் செய்வதில்லை. நாய் தலையை உதறியதும் மருந்து போட்டாகிவிட்டது என்று எழுந்துவிடுவார்கள்.

சொல்கிறேன், அதையும் சொல்கிறேன். உங்களைவிட எனக்குத்தான் அவசரம். ஹோலப் பண்ணையின் சிவப்புப் பசு பின்கொட்டிலில் நிற்கிறது. கன்று போட்டபோது கருப்பை வெளியே வந்துவிட்டது. பக்கத்து ஊர் டாக்டர் வந்து உள்ளே தள்ளித் தையல் போட்டார், நான் பிடித்துக்கொண்டேன். இன்று அந்தத் தையலைப் பிரிக்க வேண்டும். குளியலறையில் தாயில்லாக் கன்று ஒன்று படுத்திருக்கிறது, அதற்குப் புட்டிப்பால் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது. பசுக்களெல்லாம் கன்று போடும் மார்ச் மாதத்தில் இந்த நெப்ராஸ்கா மண்ணில் யாராவது நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்களா? நீங்களோ என்னை உட்கார வைத்து, கைகளை மேசைமேல் வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உங்கள் ஆள் யாரையாவது அனுப்பி அந்தக் கன்றுக்காவது பால் கொடுக்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சூடாகக் கொடுத்துவிடப் போகிறான்.

சரி. என் பெயர் மார்லிஸ். டாக்டர் வெசலியின் கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். பள்ளி முடித்த கோடையில் சேர்ந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்த ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. ஊசி போட்டு முடித்துவிடுங்கள் என்று ஒரு மனிதர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கிழநாயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மேசைமேல் கிடத்துவார்கள். காற்றைப் பற்றி, வைக்கோலைப் பற்றி, பக்கத்துப் பண்ணைக்காரனின் வேலி எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு நாயின் கழுத்துப்பட்டியைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே போய் டிரக்கில் உட்கார்ந்துவிடுவார்கள். குதிரையானால் முகக்கயிறு. அவ்வளவுதான். அதன்பின் நாங்கள் எதுவும் கேட்பதில்லை. வேலை முடிந்ததும் நான் டிரக்கின் கண்ணாடியருகே போய், "முடிஞ்சுது. கஷ்டப்படல" என்பேன். அவர்கள் தலையாட்டிவிட்டுக் கிளம்புவார்கள். உங்கள் அப்பாவும் அந்தக் கறுப்பு நாய்க்கு அப்படித்தான் செய்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார் பாவம். நான் பார்க்காத மாதிரி கொட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் வெசலி கன்றை இழுத்து வெளியே எடுப்பதில் கெட்டிக்காரர். முடித்துவைப்பதில் இல்லை. கையில் ஊசியை வைத்துக்கொண்டு நாயோடு பேசிக்கொண்டே நிற்பார். நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் நானே ஊசியை அவர் கையிலிருந்து வாங்கினேன். அவர் மறுக்கவில்லை. அன்றிலிருந்து அது என் வேலை. அதை நான் நன்றாகவே செய்தேன், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

வில்மாவின் நாயைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். அந்தப் பெண்மணி நாயைக் கொண்டுவந்தார், பட்டியைக் கழற்றினார், கைப்பையில் போட்டுக்கொண்டார், காரில் போய் உட்கார்ந்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. நாயின் கழுத்தில் பட்டிக்கு அடியில் புண் இருந்ததும், அதைக் கழுவும்போது நாற்றம் தாங்க முடியாது என்று அவர் வெளியே போனதும் பிறகுதான் தெரிந்தது. அந்த நாய்க்கும் வயதாகியிருந்தது. என்னைக் கேட்டால், அதைப் பெரிய தவறு என்று சொல்ல மாட்டேன். டாக்டர்தான் வெளியே போய் அந்த அம்மாவிடம், இதயம் நின்றுவிட்டது என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

என்னை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கை கழுவும் தொட்டியருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சொன்னார்.

"மார்லிஸ், இனிமே வாயத் தொறந்து கேளு. பட்டியக் கழட்டட்டும், டிரக்குல போயி உக்காரட்டும், நீ ஒரு வார்த்த கேளு. பதில் வராம ஊசியத் தொடாதே."

"சரி டாக்" என்றேன். அதன்பின் எல்லாரையும் கேட்டேன். கேட்டவுடன் பண்ணைக்காரர்கள் முகம் சிவந்துபோய்த் தரையைப் பார்ப்பார்கள். கால்வின் ஹோலப் ஒருமுறை, "என்ன மார்லிஸ், கோர்ட்டுல நிக்க வச்சுக் கேக்கற மாதிரி கேக்கற?" என்றான். ஆனாலும் கேட்டேன். டாக்டர் சொன்னால் சொன்னதுதான்.

போன இலையுதிர் காலத்தில், சினை பார்க்கும் நாள் ஒன்றில், பசுவுக்குள் தோள்வரை கையை விட்டபடியே அவர் சரிந்தார். பக்கவாதம். இடது கை, இடது கால் போய்விட்டன. வாய் கொஞ்சம் கோணிக்கொண்டது, பேச்சு நின்று நின்று வரும். வீட்டில் தனியாக இருக்க முடியாது. மகள் ஜனெல் ஒமாஹாவில் இருக்கிறாள். மருத்துவமனையின் பின்னறையில் கட்டிலைப் போட்டு நானே பார்த்துக்கொண்டேன். மாடுகளின் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும் என்றார். நானே சவரம் செய்துவிட்டேன். பேக்கரியிலிருந்து பிளம் வைத்த கொலாச் பன் வாங்கிவந்து சிறு துண்டாகப் பிய்த்து ஊட்டினேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். அவர் உள்ளேயிருந்து, "அந்தப் பசு கத்தறதக் கேட்டா கன்னு திரும்பிக் கெடக்கற மாதிரி இருக்கு, போயிப் பாரு" என்பார். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் குளிர்காலம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு ஜனெல் வரத் தொடங்கினாள். அப்பாவை ஒமாஹாவுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவதாக முடிவு செய்துவிட்டாள். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். நான் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது அவரே சொன்னார்.

"பேரன் பேஸ்பால் ஆடறானாம், மார்லிஸ். போயி வேலியோரமா உக்காந்து பாக்கப்போறேன். ஒழுங்கா ஆடலேன்னா... கன்னுக்குட்டிக்கு மாட்டற மாதிரி காதுல வில்லை மாட்டிவிட்டுருவேன்."

சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் துண்டைப் பிழிந்து காயப்போடப் போனேன், பிழிந்துகொண்டே இருந்தேன்.

நீங்கள் கிழக் குதிரைகளைப் பார்த்திருக்கிறீர்களே. பழகின மேய்ச்சல் நிலத்திலிருந்து வேறு இடத்துக்கு மாற்றினால் தீனி எடுக்காது, வேலியோரமே நின்று நின்று எலும்பாகிவிடும். ஜனெலின் வீடு அடுக்குமாடியில். சன்னலைத் திறந்தால் கார்கள்தான். இவர் அங்கே என்ன செய்வார்? என்னைக் கூப்பிட்டுப் பழகின மனிதர் யாரைக் கூப்பிடுவார்? அவர் நன்றாகத் தேறிவந்தார், அதை நான் மறுக்கவில்லை. தடியூன்றிக் கொட்டில்வரை நடந்தார். பசியும் வந்துவிட்டது. ஆனால் நான் எத்தனை பிராணிகளைப் பார்த்தவள். முடிவு நெருங்கும்போது சிலவற்றுக்கு அப்படித்தான், ஒரு தெளிச்சி வரும். மற்றவர்கள் அதைப் பார்த்து ஏமாந்துபோவார்கள்.

ஆகவே நான் காத்திருந்தேன். நானாக எதையும் செய்கிறவள் அல்ல. உரியவர்கள் வந்து கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டும், அதுதான் முறை.

ஜனெல் அவரை அழைத்துப் போக வந்த நாள். டிரக்கில் பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. அவரைக் கட்டிலில் உட்காரவைத்திருந்தோம். அவருடைய கைக்கடிகாரம் உங்களுக்கு நினைவிருக்கும், மணிக்கட்டின் உட்பக்கம் கட்டுவார். மாட்டின் நாடியை எண்ணும்போது பார்க்க வசதி என்று. குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார். ஜனெல் குனிந்து அந்தக் கடிகாரத்தை அவர் கையிலிருந்து எடுத்தாள். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். வெளியே போய் டிரக்கில் உட்கார்ந்தாள். சன்னல் வழியாகப் பார்த்தேன், தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள், ஷெரீப். ஒமாஹாக்காரியாக மாறிவிட்டாள் என்றால் அது என் குற்றமா?

அவள் உங்களிடம் வேறு விதமாகச் சொல்லியிருப்பாள். ஆமாம், போகும்போது என்னிடம் பேசினாள். "மார்லிஸ், கடிகார வார் அறுந்துருச்சு. மெயின் தெருவுல குடுத்து மாத்திக்கிட்டு வந்துடறேன். அதுக்குள்ள அப்பாவுக்குக் கொஞ்சம் சூப் குடுத்துடறீங்களா?" என்றாள். என் காதில் விழுந்தது. ஆனால் கிழநாயைக் கிடத்திவிட்டு மழையைப் பற்றியும் வைக்கோலைப் பற்றியும் பேசுகிறவர்களோடு ஆயுசு முழுக்க வேலை செய்தவள் நான். அவர்கள் பேசுவதை நான் எப்போதும் கேட்டுக்கொள்வேன். செய்வது எதுவோ அதைத்தான் கணக்கில் எடுப்பேன்.

தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். இருக்கலாம். சற்று நேரத்தில் டிரக் கிளம்பிப் போயிற்று.

மருந்தை இடது கையில் போட்டேன். அந்தக் கையில் அவருக்கு உணர்ச்சி கிடையாது, வலிக்கக் கூடாது என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். மற்றபடி எப்போதும் போலத்தான். அப்புறம் அவருக்குத் தலை வாரிவிட்டு, போர்வையை இழுத்துவிட்டு, சூப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். சூப் அப்படியே இருந்தது, கொட்டவேண்டியதாகிவிட்டது.

டிரக் திரும்பி வந்ததும் நான் வெளியே போனேன். ஜனெல் இறங்குவதற்கு முன்பே கண்ணாடியருகே போய் நின்றேன். அவள் கண்ணாடியை இறக்கினாள். புது வார் போட்ட கடிகாரம் அவள் மடியில் இருந்தது.

"முடிஞ்சுது, ஜனெல். கஷ்டப்படல" என்றேன்.

"எது, சூப்பா?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் எனக்குக் காதிலேயே நிற்கிறது. ஒரு மகள் இப்படியா சிரிப்பாள் என்று எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அப்புறம் உள்ளே ஓடினாள். அதன்பின் நடந்ததெல்லாம் அவள் சொன்னபடிதான், அதில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பழைய வாரை என் முன்னால் வைக்கிறீர்கள். கடைக்காரர் குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாரா? நல்ல மனிதர். அறுந்த வாரின் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும், இது நேராக இருக்கிறது என்கிறீர்கள். நேராகத்தான் இருக்கும். கட்டுத்துணி வெட்டும் கத்தரி, போன மாதம்தான் சாணை பிடித்தேன். காலையில் அவர் தூங்கும்போது வெட்டினேன், ஓரத்தில் நூல் அளவு விட்டுவைத்து. ஜனெல் வந்து கையைத் தொட்டதும் விட்டுப்போயிற்று. எத்தனை வாரம்தான் காத்திருப்பது? அவள் பாட்டுக்குக் கழற்றாமல் கொள்ளாமல் கூட்டிக்கொண்டு போய்விட்டால்? ஆனால் வெட்டினது யார் என்பது இங்கே பேச்சில்லை, ஷெரீப். கழற்றி எடுத்துக்கொண்டு போனது அவள்.

அவர் கைக்குள் இருந்ததாகச் சொல்கிறீர்களே, அந்தப் பொத்தானும் என்னுடையதுதான். அவருடைய வலது கையில் பலம் நன்றாகவே இருந்தது. என் சட்டைக் கையைப் பிடித்தார்.

என்னை மூர்க்கமானவள் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் எனக்குச் சொல்லிவைத்தது ஒன்றே ஒன்றுதான், அதை நான் மறக்கவில்லை. ஊசியை எடுப்பதற்கு முன்னால் கட்டிலருகே முழங்காலிட்டு, அவர் முகத்துக்கு நேராக, வாயைத் திறந்து கேட்டேன். "முடிச்சுடட்டுமா, டாக்?" என்றேன்.

அவருக்குப் பேச்சு நின்று நின்றுதான் வரும். நான் பொறுமையாக இருந்தேன். "வேணாம்" என்றார். திரும்ப ஒருமுறை, என் பெயரையும் சேர்த்து, "வேணாம், மார்லிஸ்" என்றார். தெளிவாகத்தான் சொன்னார்.

பதில் வராமல் நான் ஊசியைத் தொடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.