மோட்டார் இருந்த பக்கம்

தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். தண்ணீருக்கு ஒரு மாதமாவது அவகாசம் வேண்டும், சார். குழாயில் பிடித்த தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் தெரியும். ஆனால் மீனின் கழிவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் அதில் இன்னும் குடியேறியிருக்காது. அவை வரும்வரை தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு, மீனில்லாத தொட்டியை ஓடவிட வேண்டும். நான் முப்பத்தெட்டு நாள் ஓடவிட்டேன். என்னை அவசரக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது.

கால் ஆடுவதைப் பொருட்படுத்தாதீர்கள். சின்ன வயதிலிருந்தே ஓர் இடத்தில் உட்கார முடியாது. "உன் கால்ல ஒரு டைனமோ மாட்டினா தெருவுக்கே லைட் எரியும்டா" என்பார் அண்ணன். அவர் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் மெக்கானிக்காக இருந்தவர். அவருக்கு உவமை எல்லாம் அப்படித்தான் வரும்.

எங்கள் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். கீழே என் ஜெராக்ஸ் கடை. மாடியில் நாங்கள் இரண்டு பேர். அண்ணி போய் ஆறு வருடம் ஆகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை அண்ணனின் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. அவர் அறைக் கதவைத் திறந்தால் கூடம். நேர் எதிர்ச்சுவரில் தொட்டி, அதற்கு வலப்பக்கம் குளியலறை. இடது மூலையில் கீழே இறங்கும் படிக்கட்டு. பதினேழு படி, கதவு கிடையாது. தொட்டி வருவதற்கு முன்பு ஒரு நாளைக்கு ஏழு தடவை கடையை விட்டு மேலே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போவேன். முகம் சுளித்ததில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

தொட்டியை வைத்தது எனக்காகத்தான். மனதை ஓரிடத்தில் கட்டிப்போட ஏதாவது வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சிக்லிட் மீன்களைத் தேர்ந்தெடுத்தேன். அவை குணமுள்ள மீன்கள், சண்டைக்காரர்கள், மண்ணைத் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். அதனால் முதலில் கல்லை அடித்தளத்தில் ஊன்றி, பிறகுதான் மணலைக் கொட்ட வேண்டும். மணல் மேல் கல்லை வைத்தால், அடியில் தோண்டித் தோண்டி ஒருநாள் கல்லைத் தங்கள் தலையிலேயே சாய்த்துக்கொள்வார்கள். நாலடித் தொட்டி தண்ணீரும் கல்லுமாகச் சேர்ந்தால் முந்நூறு கிலோவைத் தாண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சாய்வில்லாமல் ஸ்டாண்டை நிறுத்தினேன். மறுமுனையைத் தாங்கிப் பிடித்தது அண்ணன். கண் தெரியாவிட்டாலும் பிடி குறையவில்லை.

தொட்டிக்குப் பின்னால் வைத்த, தண்ணீரில் குமிழி விடும் காற்று மோட்டாரைப் போட்டதும் அது ங்ங் என்று முனக ஆரம்பித்தது. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு யாரையும் கூப்பிடாமல் தன் அறைக்குப் போனார், திரும்பி வந்தார், தொட்டியைத் தொட்டார், வலப்பக்கம் திரும்பினார், குளியலறைக் கதவைத் தட்டினார்.

"டேய், நல்ல வேலை பண்ணினடா. குருடனுக்குக் கலங்கரை விளக்கு வச்சுட்ட."

அன்றிலிருந்து வீட்டுக்குள் அவர் என் கையையும் பிடிக்கவில்லை, கோலையும் தொடவில்லை. எனக்கு ஏழு தடவை மிச்சமானது. சந்தோஷப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மீன்கள் வந்தன, பதினான்கு. நான் தீனி போட்டால் கல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். என் கை நடுங்கும், நிழல் ஆடும், அதனால் இருக்கலாம். அண்ணன் அசையாமல் விரலை நீரில் வைத்துக்கொண்டு நிற்பார். எல்லாம் வந்து கொத்தும். அவற்றுக்குப் பேரும் வைத்தார். தண்ணீர் சளப்பென்று அடித்தால், "பெரியவரு வந்துட்டாரு, எல்லாரும் ஒதுங்குங்க" என்பார். பைண்டிங்குக்காகக் காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் மேலே ஏறிவந்து அவரோடு சிரிக்கத் தொடங்கினார்கள். கீழே கடையில் நின்றால் அந்தச் சிரிப்பு கேட்கும். ஒரு டீச்சரம்மா என்னிடமே கேட்டார்: "அண்ணாவோட மீன் தொட்டியைப் பார்த்துட்டு வரவா?"

போய்ப் பாருங்கள் என்றேன். இதிலெல்லாம் நான் அற்பமாக நடந்துகொள்வதில்லை.

ஒரு மஞ்சள் மீன் முட்டையிட்டு எல்லாவற்றையும் வாய்க்குள் எடுத்துக்கொண்டது. இந்த வகைத் தாய்மீன் அப்படித்தான். மூன்று வாரம் எதையும் தின்னாமல் பிள்ளைகளை வாயிலேயே வைத்துக் காக்கும். நான் அரைமணிக்கு ஒருதரம் மேலே வந்து பார்த்தேன். வெப்பத்தைப் பார்த்தேன், இருபத்தாறு டிகிரி. மறுபடி பார்த்தேன். பதினெட்டாவது நாள் அண்ணன் வழக்கம்போல விரலை விட்டார். அது மிரண்டு பிள்ளைகளை உமிழ்ந்துவிட்டது. மற்றவை வந்து தின்று தீர்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"தெரியாம பண்ணிட்டேன்டா. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

ஆமாம், நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. என்னுடையது என்று ஒன்று இருக்கட்டுமே என்று நினைத்திருந்தேன்.

சிக்லிட் வளர்ப்பில் ஒரு வழி உண்டு. ஏதாவது ஒரு மீன், தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொண்டால் அதை அடிக்கவோ பிரிக்கவோ வேண்டாம். கல்லையெல்லாம் இடம் மாற்றி வைத்தால் போதும். எது தன் மூலை என்று தெரியாமல் திகைத்து, மற்றவற்றைப் போலப் பணிவாகிவிடும். அந்த வாரம் கற்களை மாற்றினேன். பெரியவர் என்று அண்ணன் பேர் வைத்த மீன் இரண்டு நாள் ஓரமாக நின்றது. பார்க்க நிம்மதியாக இருந்தது.

பிறகு நாலு மீட்டர் டியூப் வாங்கினேன். அண்ணன் மதியத் தூக்கத்தில் இருந்தபோது மோட்டாரைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்து, படிக்கட்டுக்கு மேலே இருக்கிற ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அதன் அதிர்வு மீன்களுக்கு ஆகாது என்று முதல் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இருக்கும்.

அண்ணன் மகளுக்கு அப்பாவின் காது. சாவுச் சேதி கேட்டு வெளியூரிலிருந்து வந்தவள், கூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தபோதே தலையைச் சாய்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டு எழுந்தாள். ஜன்னலிலிருந்து தொட்டிவரை அந்த டியூபை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"சித்தப்பா, மோட்டார் எப்பவும் இந்தப் பக்கம் தானே இருக்கும்?"

"மீனுக்காகம்மா."

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

நான் தண்ணீர் எடுத்துவர உள்ளே போனேன். அவள் உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

மோட்டாரை மாற்றிய அன்று மதியம் மூன்று மணி இருக்கும். கடையைச் சாத்திவிட்டு மேலே வந்து தொட்டிக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் தூங்கி எழுந்து கதவைத் திறந்தார். ஓர் எட்டு வைத்தார். நின்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காதைத் திருப்பினார்.

"தம்பி, இருக்கியா?"

"இருக்கேண்ணே."

"குமிழி ஒரு பக்கம் கேக்குது, மோட்டார் ஒரு பக்கம் கேக்குதேடா. எதையாச்சும் நகர்த்தினியா?"

அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கேட்கவும் கேட்டார். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

"இல்லண்ணே, அங்கயேதான் இருக்கு. கண்ணு போய் இப்ப காதும் போயிடுச்சா உனக்கு?"

அண்ணன் சிரித்தார். "போனாலும் போயிருக்கும்டா. வயசாச்சுல்ல" என்றார்.

கையை முன்னால் நீட்டிக்கொண்டு மோட்டார் சத்தத்தை நோக்கி நடந்தார். ஒன்பது எட்டு. அவசரமே இல்லாத நடை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். ஆனால் நான் அவரைத் தொடவே இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காலை எடுத்து வைத்தது அவர்தான்.