பேரெழுதின கோப்பை

...இதுங்களுக்கு வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்! நீங்களே பாருங்க, சர்ச்சுல ஆராதனை முடிஞ்சு எல்லாரும் காபிக்கு வந்து பத்து நிமிஷமாச்சு, ஒருத்தராவது உங்ககிட்ட வந்து ‘வாங்க’ன்னாங்களா? நான்தானே வந்தேன்! உக்காருங்க, உக்காருங்க.

அதோ ஜன்னலோரம், ஏலக்காய் பன்ன மூணாவது தடவையா எடுக்கறாரே, ராக்னார். முப்பது வருஷமா அதே பெஞ்சு, அதே ஓரம். தெரியாம யாராவது அங்க உக்காந்துட்டா, சொத்தப் பறிகொடுத்த மாதிரி நிப்பாரு! அப்புறம் அந்த மார்கிட்... அன்பு அன்புன்னு பாட்டுல உருகுவா. பாட்டு முடிஞ்சா பக்கத்துல யாருன்னு திரும்பிப் பாக்க மாட்டா. கேட்டா, ‘ஸ்வீடன்காரங்க அப்படித்தான், கூச்சம்’பாங்க. ஏன், அன்பு காட்டறதுலேர்ந்து கர்த்தர் நமக்கு மட்டும் விலக்கு குடுத்துட்டாரா?

இதுல பாஸ்டர் இல்வா என்னக் கூப்பிட்டு என்ன சொல்றாங்க தெரியுமா? ‘குன்வோர், வரவேற்கறது உங்க வேலை. புதுசா வந்தவங்க யாருமே ரெண்டாவது வாரம் வரலையே. இன்னிக்கு வர்றவங்களும் திரும்பி வரலேன்னா, மார்கிட்டுக்கே குடுத்துடலாம்’னு! மார்கிட்டுக்கு! பத்தொம்பது வருஷமா நான் நிக்கற வாசல்! புருஷன் போனப்புறம் எனக்குன்னு இருக்கறதே அது ஒண்ணுதாங்க...

எல்லாம் அந்த எவெர்ட்டால வந்தது. பொண்டாட்டி செத்து ஒரு மாசம், முதல் தடவையா இங்க தனியா வந்தாரு மனுஷன். சுவத்துல கொக்கியில தொங்குது பாருங்க, எங்க பேரெழுதின கோப்பைங்க? அதுல ஒண்ண எடுத்துக் காபி ஊத்திக்கிட்டாரு. என் கோப்பை! நான் சண்டையெல்லாம் போடல. கையிலேர்ந்து வாங்கி, காபியக் கொட்டி, கழுவி மாட்டினேன், அவ்வளவுதான். விருந்தாளிக்கு அலமாரியில வேற கோப்பை இருக்குன்னு சொன்னேன்... சொன்னேனா? சொல்லத்தான் நினைச்சேன். அதுக்குள்ள தொப்பிய எடுத்துட்டுப் போயிட்டாரு. அப்புறம் வரவே இல்ல. யாராவது வீட்டுக்குப் போய்ப் பாத்திருக்கலாமில்ல? மார்கிட் போயிருக்கலாம். அவ வீட்டுலேர்ந்து மூணாவது வீடு... சரி, என் வீட்டுலேர்ந்துதான் மூணாவது வீடு. எனக்கு முட்டிவலி!

ஆமா, நீங்க ஏன் வெறுங்கையோட... ஐயையோ, உங்களுக்குக் காபியே குடுக்கலையே நான்! இருங்க, இருங்க, எந்திரிக்காதீங்க. என் கோப்பையிலயே ஊத்தித் தரேன். ஆமாங்க, என் கோப்பையில! யாருக்கும் குடுத்ததில்ல. பால் வேணுமா? அட, உங்க பேரக்கூட கேக்கலையே...

எங்க போச்சு? இங்கதானே உக்காந்திருந்துச்சு! ராக்னார், ராக்னார், பன்ன வையுங்க! அந்தப் பொண்ணு எங்க? என்னது... மார்கிட்டோட போகுதா? அவ வீட்டுக்குச் சாப்பிடவா? அவளா கூப்பிட்டா?

...காபி ஆறிப்போச்சு. ராக்னார், அந்தப் பொண்ணு பேரு என்னன்னு மார்கிட்கிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்.