குவைத்துத் தைலம்

வளைகுடாவில் சண்டை என்றதும் சிதம்பரம் பெட்ரோல் பங்க் வரிசை ரோடு வரை வந்துவிட்டது. எனக்கு முன்னால் டீசல் கேனோடு ஒரு சேத்தியாத்தோப்பு விவசாயி. அவருக்கு முன்னால் ஸ்கூட்டரில் பரங்கிப்பேட்டை பாய் ஒருவர்.

"குவைத்துல எண்ணெய்க் கெணத்துலதான் வேலை மாமா. லீவுல வந்தேன்" என்றார் பாய், விவசாயியிடம்.

"தோண்டி எடுத்தவரே லைன்ல நிக்கிறீங்களா? வெளங்கிடும்! அங்க அவுங்க அடிச்சிக்கிட்டா இங்க எம் மோட்டார் நிக்கிது, நாத்து காயுது. வரும்போது ஒரு கேன் கொண்டாந்திருக்கலாமில்ல?"

"பிளேன்ல ஏத்துவானா? வழக்கம்போல சென்ட்டு, சோப்பு, தலைவலித் தைலந்தான். தைலம் இப்பக்கூட ஜோப்புல இருக்கு."

அதற்குள் பங்க் ஊழியர் 'ஸ்டாக் இல்லை' பலகையை வைத்துவிட்டார். விவசாயி காலிக் கேனைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"அதக் குடுங்க பாய். அங்கேருந்து தட்டுப்பாடில்லாம வர்ற எண்ணெய் அது ஒண்ணுதான்."