கல்யாணிக் கப்பலின் மூன்றாம் கிடங்கு

தண்ணீருக்குள் இருக்கிறேன். தலையைத் தூக்கினால் நெருப்பு. அமுக்கினால் ரங்கூன் ஆற்றுச் சேறு. வற்று நீர் காலைப் பிடித்து இழுக்கிறது. பின்னால் கப்பல் எரிகிறது. அதன் வயிற்றுக்குள் குண்டுகள் வெடிக்கின்றன. ஒன்று. சற்று நேரம் கழித்து இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல். பிறகு சத்தமே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

தலைக்கு மேலே இரும்பு பறக்கிறது. சீட்டி அடித்தபடி போகிறது. வலது காது செத்துவிட்டது. இடது காதில்தான் இவ்வளவும் கேட்கிறேன். எதிரே டாலா கரை. கரையோரம் ஓலைக் குடிசைகள். அதில் ஒன்று என் வீடு. உள்ளே என் பர்மிய மனைவி மா லா. இரும்பு அந்தப் பக்கம்தான் போகிறது.

1923ஆம் வருஷம். மாசி மாதம். ஆலைகளில் இருந்து அரிசி ஓயாமல் வந்துகொண்டிருந்த நாட்கள். பட்டப்பகல். ரங்கூனில் அப்போது சண்டை ஏதும் கிடையாது. சண்டை எங்கோ நடந்தது. கப்பலேறி எங்களிடம் வந்தது. அதனால்தான் இதைச் சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் வேலாயுதம். துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டினேன். கப்பலின் மேல்தளத்தில், கிடங்கின் வாயருகே நிற்பேன். படகில் வரும் அரிசி மூட்டைகளைத் தூக்கிக் கிடங்குக்குள் இறக்குவேன். கீழே இருப்பவர்கள் இழுத்து அடுக்குவார்கள். அவர்களில் ஒருவன் காசி. என் தங்கை பாக்கியத்தின் புருஷன். அக்கரையில், ரங்கூன் லான்மடாவில் குடியிருந்தான். எங்கள் எல்லோருக்கும் மேஸ்திரி சின்னையா. வாய் பெரிது. ஆள் நல்லவர்.

அந்தக் கப்பல் ஆற்றின் நடுவே, டாலா பக்கமாக, போயா மிதவையில் கட்டிக் கிடந்தது. கிரேக்கக் கப்பல். பெயர் கல்லியோப்பி என்றார்கள். எங்கள் ஆட்கள் வாயில் அது கல்யாணி ஆகிவிட்டது. மேலே கறுப்புச் சாயம். உரிந்த இடத்தில் எல்லாம் சாம்பல் நிறம். பின்பக்கம் தளத்தில் வட்டமாக ஓர் இரும்பு மேடை. அதில் பெரிய பெரிய திருகாணித் துளைகள். பீரங்கி நின்ற இடம்.

அதைச் சொன்னவன் யான்னி. அந்தக் கப்பலின் மாலுமி. முன்பு பம்பாய்க் கப்பல்களில் இருந்தவன். அவனுக்குக் கொஞ்சம் இந்துஸ்தானி. எனக்கும் கொஞ்சம். வின்ச்சுக்கு எண்ணெய் போட வருவான். நின்று பேசுவான்.

கப்பல் இங்கிலாந்தில் கட்டியது. பழசானதும் கிரேக்க முதலாளி வாங்கினார். ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டையில் நிலக்கரி சுமந்தது. பிறகு கிரேக்கக் கடற்படை எடுத்துக்கொண்டது. சாம்பல் பூசியது. பீரங்கி வைத்தது. துருக்கிக் கரைக்குச் சிப்பாய்களையும் கோவேறு கழுதைகளையும் குண்டுகளையும் கொண்டுபோனது. போன வருஷம் படை தோற்றது. கப்பல் மிச்சக் குண்டுப் பெட்டிகளோடு பக்கத்துத் தீவுக்கு வந்து நின்றது. பெட்டிகளை இறக்கவில்லை. அதற்குள் ஸ்மிர்னா நகரம் எரிந்துவிட்டது. கடற்கரை முழுக்க ஜனம். ஏற்றி வா என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் கிடங்கில் பெட்டிகளின் மேலேயே ஜனத்தை நிறுத்தினார்கள். உட்கார இடமில்லை. யான்னி அந்த ஊர்க்காரன். கூட்டத்தில் அவன் அம்மாவும் இருந்தாள். நின்றபடியே செத்துப்போனாள். கரை சேர்ந்து கூட்டம் இறங்கிய பிறகுதான் விழுந்தாள்.

"அந்தக் கிடங்குக்குள் நான் இறங்க மாட்டேன்" என்றான். பெட்டிகள் என்ன ஆயின என்று கேட்டேன். எல்லாம் இறக்கியாயிற்று என்றான். நானும் தூக்கினேன் என்றான்.

முதலில் ஒன்றாம் கிடங்கு நிறைந்தது. பிறகு இரண்டு. நீர் திரும்பும்போதெல்லாம் கப்பல் லேசாகச் சாயும். அப்போது மூன்றாம் கிடங்கின் அடியில் ஏதோ உருளும். இரும்பு மேல் இரும்பு. மெதுவாக உருளும். நிற்கும். எல்லோருக்கும் கேட்டது. காசி சிரித்தான்.

"மச்சான், கல்யாணி வயித்துல புள்ள உருளுது."

யாரோ அவன் முதுகில் அடித்தார்கள். நானும் சிரித்தேன். யான்னி என்னவென்று கேட்டான். மொழிபெயர்க்க வார்த்தை கிடைக்கவில்லை.

அன்று காலை மூன்றாம் கிடங்கின் மூடியைத் திறந்தோம். நாற்றம் மேலே வந்தது. கடல் தண்ணீர், எண்ணெய், அதற்கடியில் வேறு ஏதோ. பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். அரிசி போடுமுன் கிடங்கின் அடிப் பலகைகளைச் சீராக்க வேண்டும். நடுவில் பல பலகைகள் உடைந்து கிடந்தன. ஜனம் நின்ற பாரத்தில் பெட்டிகளோடு சேர்ந்து உடைந்தவை. அண்ணாந்து கூப்பிட்டான் காசி.

"மச்சான், பலகைக்குக் கீழ இரும்பு போத்தல் மாதிரி ஒன்னு கெடக்கு. கனம்னா கனம். இன்னும் ரெண்டு மூணு தெரியுது."

"எடுத்து மேல அனுப்பு. படகு காத்துக்கிட்டு நிக்குது" என்றார் மேஸ்திரி.

வலையில் வைத்துக் கட்டினான். தூக்கினேன். வெயிலில் வந்ததும் பார்த்தேன். முழங்கை நீளம். கூர் முனையில் பித்தளை. பச்சை படிந்திருந்தது. எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. தளத்தில் வைக்கப் போனேன். யான்னி பார்த்துவிட்டான்.

அவன் போட்ட சத்தம் இந்துஸ்தானி இல்லை. அவன் பாஷை.

"எக்ஸோ! எக்ஸோ!"

பிறகுதான் எனக்குப் புரிகிறாற்போல் கத்தினான். "கோலா! கோலா! சப் ஊப்பர்!"

கோலா என்றால் குண்டு. சப் ஊப்பர் என்றால் எல்லோரும் மேலே. வலையை அந்தரத்திலேயே நிறுத்தினேன். மூன்று பேர் சேர்ந்து குண்டை எடுத்து மெல்லத் தளத்தில் வைத்தார்கள். யான்னியின் முகத்தைப் பார்த்ததும் மேஸ்திரிக்கே தெரிந்தது. கிடங்கு வாயில் படுத்துக் குனிந்தார்.

"ஏறுங்கடா! வேலைய விடு! குண்டு! ஏறுங்கடா!"

நானும் கத்தினேன். பக்கத்துக் கிடங்கின் வின்ச் ஓடிக்கொண்டிருந்தது. நீராவி சீறியது. ஏணிக்கு அருகில் இருந்தவர்களுக்குக் கேட்டது. நான்கு பேர் ஏறிவந்தார்கள். காசி ஐந்தாவது. தலை வெளியே தெரிந்தது. கையை நீட்டினேன். அவன் திரும்பிப் பார்த்தான்.

"அந்த மூலையில உள்ளவனுக்குக் கேக்கல மச்சான். பலகையப் பேக்குறான்."

இறங்கிப் போனான். என் கை நீட்டியபடியே இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு ஒருவன் ஏணியில் கால் வைத்தான். யான்னி. அந்தக் கிடங்குக்குள் இறங்க மாட்டேன் என்றவன். என்னை அவன் பார்க்கவில்லை. வேகமாக இறங்கினான். அவன் குரல் அடியிலிருந்து கேட்டது. காசியின் குரலும் கேட்டது. "விடு, விடு, ஏறு" என்றது.

யார் கை பட்டது, எது உருண்டது, தெரியாது. பின்னாளில் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் அங்கே இல்லை.

முதல் சத்தம் காதில் விழவில்லை. காலில் ஏறியது. உலக்கை போட்டாற்போல் ஒரே ஒரு குத்து. அடுத்தது மேலே வந்தது. மேஸ்திரி படுத்திருந்த இடம் வெள்ளையானது. பிறகு நான் ஆற்றில் இருந்தேன்.

நீந்துகிறேன். மற்றக் கப்பல்கள் ஊதுகின்றன. நிறுத்தாமல் ஊதுகின்றன. கயிற்றை வெட்டிக்கொண்டு விலகுகின்றன. மூட்டைப் படகு ஒன்று பாதியாகக் கிடக்கிறது. அரிசி தண்ணீரில் வெள்ளையாகப் பரவுகிறது. கரையில் ஒரு கூரை பற்றுகிறது. அடுத்த கூரை. எங்கள் வீடு எது என்று புகையில் தெரியவில்லை.

சேற்றில் கை பட்டது. இடுப்பு வரை புதைந்தேன். யாரோ என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். மா லா. வாய் திறந்து மூடுகிறது. முதலில் சத்தம் வரவில்லை. அவள் என் இடது பக்கம் வந்தாள்.

"பியே! கோ வேலு, பியே!"

ஓடு என்கிறாள். ஓடினோம். வயலுக்குள் ஓடினோம். அறுத்த தாள் காலில் குத்தியது. இன்னொரு குண்டு வெடித்தது. வரப்போரம் விழுந்து படுத்தோம். அவள் என் தலைமேல் கையை வைத்துக்கொண்டாள். அடியில் மண் நடுங்கியது.

பொழுது சாயும்வரை வெடித்தது. பிறகு கப்பல் நடுவே முறிந்து உட்கார்ந்தது. புகைபோக்கியின் நுனி மட்டும் நீருக்கு மேலே நின்றது.

மறுநாள் காலை பாக்கியம் சம்பான் படகில் ஆற்றைக் கடந்து வந்தாள். காசியின் மாற்று லுங்கியைக் கையில் வைத்திருந்தாள். எங்கே நனைந்து கிடக்கிறாரோ என்று எடுத்து வந்தாளாம். நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். எரிந்த குடிசைகளைப் பார்த்தாள். அழவில்லை.

"அண்ணே, அது எந்த ஊரு சண்ட?" என்று கேட்டாள்.

கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் என்றேன்.

"அவங்க யாரு?"

நீருக்கு மேலே நின்ற புகைபோக்கி நுனியைக் காட்டினேன்.

விசாரணை நடந்தது. கரையில் இருந்ததால் கேப்டன் பிழைத்தார். கிடங்கு காலியாக இருந்ததாகத்தான் நினைத்தேன் என்றார். என்னையும் கேட்டார்கள். உருண்ட சத்தத்தைச் சொன்னேன். ஒரு அதிகாரி தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அந்த வருஷ மழைக்கு முன்பே வேறு கிரேக்கக் கப்பல் வந்தது. அரிசி ஏற்றிப் போனது. நான் வின்ச் ஓட்டவில்லை.

இழந்ததைச் சொல்கிறேன். என் வலது காது. எங்கள் வரிசையில் ஏழு வீடுகள். எங்கள் வீடு தப்பியது. அடுத்த வீட்டு டோ மியா தப்பவில்லை. அவள் மடியில் இருந்த பேத்தியும் தப்பவில்லை. மூட்டைப் படகில் இருந்த சிட்டகாங்காரர்கள் இரண்டு பேர். மேஸ்திரி சின்னையா. யான்னி. அவனோடு கப்பல் ஆட்கள் ஐந்து பேர். அவர்கள் பெயரை விசாரணையில் வாசித்தார்கள். என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் கிடங்கில் நின்றுபோனவர்கள் எட்டுப் பேர். காசி. பெரியசாமி. முத்தையா, அவன் தம்பி மாரி. தொண்டிக்காரர் அப்துல் காதர். பெரிய ராமசாமி. சின்ன ராமசாமி. எட்டாவது ஆள் அன்று காலைதான் பதிலுக்கு வந்தவன். மூலையில் பலகை பெயர்த்துக்கொண்டிருந்தவன் அவன்தான். அவனைத் தேடித்தான் காசி திரும்பிப் போனான். அவன் பெயர் யாருக்கும் தெரியவில்லை. அவனைக் கேட்டுக்கொண்டு ஒருவரும் வரவும் இல்லை.