வலது பக்கத்து ஸ்பீக்கர்

பகல் பன்னிரண்டரை மணி. எடப்பாடியிலிருந்து உள்ளே பிரிந்து போகும் மண்சாலை. இரண்டு பக்கமும் உழுதுபோட்ட காடு… கண்ணுக்கெட்டிய வரை ஆளே இல்லை. முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த தறிச்சத்தமும் மெல்ல மெல்ல நின்றுபோனது.

இருட்டில் நடப்பதுதான் பேய்க் கதை என்று நினைத்தால், இதைக் கேளுங்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

என் நண்பன் உபகாரசாமியின் சித்தப்பா சவரியாருக்கு நடந்தது இது. சேலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். 1984, சித்திரை மாதம். ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் பழுது என்று கடிதம் போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். கனமான செட், தூக்கி வர முடியாது. அதனால் மீட்டரையும் சால்டரிங் அயர்னையும் பையில் போட்டுக்கொண்டு அவரே போனார்.

காட்டுக்கு நடுவில் ஒற்றை வீடு. கதவைத் திறந்தது வசந்தாமணி என்ற அம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் செங்கோட்டையன் இறந்து ஒன்றரை வருடம். பாட்டு என்றால் உயிரை விடுகிற மனிதராம். பம்பாயிலிருந்து ஆசையாக வாங்கிவந்த செட் அது. ஒரு நாள் பாட்டுக் கேட்டபடியே, நாற்காலியில் தலை சாய்ந்துவிட்டார். அதே நிமிடம் வலது பக்கத்து ஸ்பீக்கரும் ஊமையாகிவிட்டது.

“வலது பக்கத்த மட்டும் சரி பண்ணுங்க. எடது பக்கத்தத் தொட வேண்டாமுங்க” என்றார் வசந்தாமணி.

“ஏம்மா?”

“அது பேசுதுங்க.”

சவரியார் சிரிக்கவில்லை. எர்த் சரியில்லாத செட் ரேடியோ ஸ்டேஷனை இழுப்பதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஸ்விட்சைப் போட்டார். இடது பக்கத்தில் லேசான இரைச்சல்… அப்புறம் ஒரு ஆண் குரல்.

“இல்லீங்க…”

நீண்ட இடைவெளி.

“இன்னும் நாளாகுமுங்க…”

பாட்டுப் போடும் டேப்ரெக்கார்டரிலிருந்து செட்டுக்கு வரும் ஒயரைப் பிடுங்கினார். குரல் நிற்கவில்லை. உள்ளே வரும் முனையை எர்த்தோடு சேர்த்துக் கட்டினார். அப்படிக் கட்டிவிட்டால் எந்த ஸ்டேஷனும் உள்ளே நுழைய முடியாது. குரல் நிற்கவில்லை.

“எங்கூட்டுக்காரருங்க. எங்கிட்டத்தான் பேசறாரு. பாதி பாதியாக் கேக்குது. மீதி அந்தப் பக்கத்துல இருக்கணும்” என்றார் வசந்தாமணி.

கிளம்பிவிடலாம் என்றுதான் சவரியாருக்குத் தோன்றியது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

மூடியைக் கழற்றியதும் கருகிய வாடை. வலது பக்கத்து ஃபியூஸ் போயிருந்தது. பவர் டிரான்சிஸ்டர் இரண்டும் ஷார்ட். பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தார். சால்டர் புகை கண்ணில் எரிந்தது. ஆனால் கை வேலையில் இருக்கும்போதே ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

“உங்ககிட்ட அவரு ‘ங்க’ போட்டுப் பேசுவாராம்மா?”

வசந்தாமணி இடது ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்.

“இல்லீங்க. ‘புள்ளே’ன்னுதான் கூப்புடுவாரு.”

அப்படியென்றால்… இவ்வளவு பணிவு யாரிடம்?

முதலில் ஒரு பல்பை வரிசையில் கோத்துக் கரண்ட் கொடுத்துப் பார்த்தார். பல்பு மின்னி, மங்கியது. இனி ஷார்ட் இல்லை. பல்பை எடுத்துவிட்டு நேராகப் பிளக்கில் மாட்டினார். வலது ஸ்பீக்கர் ‘தப்’ என்றது. மழையே இல்லாத அந்த வெயிலில், அறை முழுக்க ஈர மண் வாசம்.

வலது பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கிழவனா, இளைஞனா… சொல்ல முடியவில்லை.

“எப்ப வருவா?”

இடது பக்கம் பதில் சொன்னது. “இன்னும் நாளாகுமுங்க.”

“போன மாசமும் இதத்தான் சொன்ன.”

“காட்டு வேல கெடக்குதுங்க. அவ இல்லீன்னா பாக்க ஆளில்லீங்க.”

வசந்தாமணி ஒன்றரை வருடமாகக் கேட்டது பாதிப் பேச்சில்லை. முழுப் பதில். கேள்விதான் இத்தனை நாள் கேட்கவில்லை.

“அவகூட ஆரு?” என்றது வலது பக்கம்.

இடது பக்கம் தயங்கியது.

“ரிப்பேருக்கு வந்தவருங்க. மூணு புள்ளைக்காரருங்க. அவர உட்ருங்க.”

பிள்ளைகளைப் பற்றிச் சவரியார் அந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

யாரோ எழுந்து, செருப்பைத் தேய்த்து நடந்து போகும் சத்தம் மட்டும் வலது ஸ்பீக்கரில்… தூரமாகி… தேய்ந்து போனது. சவரியார் பிளக்கைப் பிடுங்கினார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து.

“எனக்காகப் பொய் சொல்லிட்டு இருக்கறாரு. தனியா நின்னு சமாளிச்சுட்டு இருக்கறாரு” என்றார் வசந்தாமணி. அழவில்லை. “பிளக்க மாட்டிட்டுப் போங்க.”

“வேண்டாம்மா. இத உடைச்சுப் போட்டுடுங்க.”

“நான் கேட்டது ரிப்பேர் பண்ணத்தானுங்க. பண்ணிட்டீங்க.”

மாட்டிக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை. மண்சாலையில் இறங்கிப் பாதி தூரம் வந்தபின் திரும்பிப் பார்த்தார். வசந்தாமணி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அந்த வாரமே அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். அதே நாற்காலியில். செட் ஓடிக்கொண்டிருந்ததாம். இரண்டு பக்கமும் சத்தமே இல்லையாம்.

ஆனால் சவரியார் கடையை மூடியதற்குக் காரணம் அதுவல்ல. ரிப்பேர் பண்ணிய அன்று, எடப்பாடியிலிருந்து பஸ் பிடித்துச் சாயங்காலம் அவர் வீடு வந்து சேர்ந்தபோது, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த மனைவி ஞானமேரி சொன்னார்.

“மத்தியானம் உங்களத் தெரியும்னு ஒருத்தர் வந்தாருங்க. ரெண்டே கால் இருக்கும். வெயில்ல நின்னாரு, முகம் சரியாத் தெரியல. எத்தன புள்ளைங்கன்னு கேட்டாரு. மூணுன்னேன். வாசல்ல வெளையாடிட்டு இருந்ததுங்களக் கூப்புட்டு, ஒவ்வொண்ணாத் தலையத் தொட்டு எண்ணினாரு. ‘சரியாத்தான் சொல்லியிருக்கான்’னுட்டுப் போயிட்டாரு.”